பெட் ஸ்கேன் எடுத்த அம்மா குழந்தையைத் தூக்கலாமா?

வேளச்சேரிவாசி:
நேற்று காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு ஊசி போட்டு, ஒரு மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்து, அப்புறம் உடலுக்குள் படம் பிடிக்கும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தார்கள். "இன்றைக்குக் குழந்தையைத் தூக்காதீங்க" என்றதோடு சரி. ஒரு வயதுப் பேத்தி பாட்டி அறைக் கதவைத் தட்டித் தட்டி அழுகிறாள். அம்மா குடித்த டம்ளரைக்கூட மனைவி தனியாக ஜன்னலில் வைத்துவிட்டாள். எத்தனை நாள் இப்படி?

ஐசோடோப் அண்ணாச்சி:
நாளா? பெரும்பாலும் நேற்றே முடிந்த கதை, தம்பி. அந்த ஊசியில் வழக்கமாக இருப்பது ஃப்ளோரின்-18 என்ற கதிர்வீச்சு தரும் பொருள், அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். பத்து மணிக்குப் போட்டது 11.50க்குப் பாதி, 1.40க்குக் கால். இப்படியே பத்து முறை பாதியானால், அதாவது சுமார் 18 மணி நேரத்தில், ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சிறுநீரிலும் கொஞ்சம் போய்விடும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான்.

மாம்பலம் மாமி:
எங்கள் வீட்டில் தைராய்டுக்கு அயோடின்-131 கொடுத்தார்கள், அது வேறு. அரை ஆயுள் 8 நாள், தனித் தட்டு, தனிப் படுக்கை எல்லாம் உண்டு. ரிப்போர்ட்டில் மருந்தின் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

ஐசோடோப் அண்ணாச்சி:
மாமி சொல்வது சரி. நேற்றுகூட ஒரே அறையில் தள்ளி உட்கார்ந்து பேசியிருக்கலாம், தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு ஏறக்குறைய கால்வாசிதான்.

வேளச்சேரிவாசி:
பார்த்தேன், ஃப்ளோரின்தான். பேத்தி இப்போது பாட்டி மடியில். டம்ளர் மட்டும் இன்னும் ஜன்னலில்.