பழைய ஸ்காடா சேர்வரைப் புதிய இயந்திரத்துக்கு மாற்ற எந்தக் காப்பு மென்பொருளை நம்பலாம்?

பேலியகொடை_பராமரிப்பு:

அனைவருக்கும் வணக்கம். பேலியகொடைப் பக்கத்தில் ஓர் உணவுப் பதனிடும் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கொதிகலனையும் குளிரறைகளையும் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் எங்கள் ஸ்காடா சேர்வர் இன்னமும் வின்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 இல் ஓடுகிறது. பல வருட வெப்பநிலைப் பதிவுகள் அடங்கிய எஸ்கியூஎல் தரவுத்தளமும் அதே இயந்திரத்தில்தான் இருக்கிறது. ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்ட் 1 முறையில் இணைக்கப்பட்ட இரண்டு வன்தட்டுகளில் ஒன்றின் விளக்கு மூன்று வாரமாகச் செம்மஞ்சளாக எரிகிறது. நிறுவித் தந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, நிறுவல் இறுவட்டுகளும் கிடைக்கவில்லை. ஆகவே இருப்பதை அப்படியே பெயர்த்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. வெசாக் விடுமுறையின் இரண்டு நாட்கள்தான் ஆலை நிற்கும். குளோன்சில்லா, அக்ரோனிஸ், வீயாம் ஆகியவற்றில் எது பொருத்தம்? பழுதான வன்தட்டை முதலில் மாற்றுவதா, பிரதியை முதலில் எடுப்பதா என்பதிலும் எங்களுக்குள் இழுபறி நடக்கிறது.

கட்டுப்பாட்டறை_கிழவன்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: பிரதிதான் முதலில். புதிய வன்தட்டைச் செருகியதும் ரெய்ட் கட்டுப்படுத்தி எஞ்சியிருக்கும் தட்டை ஆரம்பம் முதல் இறுதி வரை வாசித்து மறுகட்டமைப்புச் செய்யும். அதே வயதுடைய அந்தத் தட்டும் அந்தச் சுமையில் விழுந்தால் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வெசாக் வரை காத்திருக்கவும் வேண்டாம். மைக்ரோசொஃப்டின் சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுப்பிலுள்ள டிஸ்க்2விஎச்டி என்ற சிறிய கருவியை நிறுவத் தேவையில்லை. வெளிவன்தட்டிலிருந்தே ஓடும், விஎஸ்எஸ் என்ற வின்டோஸ் சேவை வழியாக அந்தக் கணத்தின் நிழற்பிரதியை எடுத்து, இயந்திரம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மெய்நிகர் வட்டுக் கோப்பாக எழுதிவிடும். வீயாம், அக்ரோனிஸ் இரண்டும் நல்லவைதான். ஆனால் ஓடும்போதே பிரதி எடுக்க அவற்றை அந்தச் சேர்வருக்குள் நிறுவ வேண்டும், மறுதொடக்கமும் கேட்கலாம், புதிய பதிப்புகள் பழைய இயங்குதளங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டும் வருகின்றன. மறுபடி நிறுவ முடியாத இயந்திரத்தில் புதிதாக எதையும் ஏற்றாமல் இருப்பதே என் வழக்கம். தரவுத்தளத்தை மட்டும் எஸ்கியூஎல் சேர்வரின் சொந்தக் காப்புக் கட்டளையால் தனியாகவும் எடுத்து வையுங்கள்.

வெசாக் அன்று இயந்திரத்தை நிறுத்தி, குளோன்சில்லாவில் இரண்டாவது பிரதியை எடுக்கலாம். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய சேர்வர் ஒருமுறை நின்றால் எழும்பாமலே போவதுண்டு என்பதால்தான் முதற்பிரதி அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும் என்கிறேன். குளோன்சில்லா சாதாரணமாக மூல வட்டைவிடச் சிறிய வட்டுக்கு மீட்காது. புதிய வட்டு பழையதன் அளவாவது இருக்கட்டும்.

வத்தளை_மின்:

மேலே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் வன்தட்டில் இல்லாதவைதான் இத்தகைய இடமாற்றங்களைக் கவிழ்க்கின்றன. சில ஸ்காடா உரிமங்கள் யூஎஸ்பி டொங்கிளில் (கணினியில் செருகும் சிறிய உரிமச் சாவியில்) இருக்கும், சில வலையட்டையின் எண்ணோடு பிணைந்திருக்கும். சீமென்ஸ் மென்பொருளாக இருந்தால் உரிமச் சாவிகளை முதலில் அவர்களுடைய லைசென்ஸ் மேனேஜர் வழியாக வேறிடத்துக்கு நகர்த்துங்கள். வட்டுப் பிரதியோடு வரும் சாவி செல்லுபடியாகாமல் போகக்கூடும்.

புதிய சேர்வரில் நேரடியாக 2008 ஆர்2 ஐ எழுப்ப முயல வேண்டாம். பழைய பயோஸ் தொடக்க முறைக்கான ஆதரவு இல்லாத புதிய இயந்திரங்களில் அது எழாது, 4கே நேட்டிவ் (4096 பைட் பகுதிகளாக மட்டும் எழுதும்) வட்டுகளையும் அது அறியாது. மெய்நிகர் இயந்திரமாக, அதாவது புதிய சேர்வரின் மென்பொருளுக்குள் ஓடும் கணினியாக, ஓட்டுவதே நல்லது. அதற்கு மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வி என்றால் முதல் தலைமுறை வகையைத் தெரிவு செய்யுங்கள். ஆனால் யூஎஸ்பி டொங்கிளை அது உள்ளே ஓடும் விருந்தினர் இயந்திரத்துக்குக் கடத்தாது, விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ கடத்தும்.

மிக முக்கியமானது: மீட்ட பிரதியைச் சோதிக்கும்போது அதன் வலையிணைப்பைத் துண்டித்து வையுங்கள். அதே பெயரோடும் அதே ஐபி முகவரியோடும் எழும் இரண்டாவது சேர்வர் தன்னை அசல் என்றே நினைத்து ஆலை இயந்திரங்களை நேரடியாக இயக்கும் பிஎல்சி கட்டுப்படுத்திக்குக் கட்டளை அனுப்பும். சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் பரிசோதனைப் பிரதியொன்று பழைய வெப்ப இலக்கை எழுதிவிட, ஏன் நீராவி கூடுகிறது என்று அரை மணிநேரம் தேடினோம்.

பேலியகொடை_பராமரிப்பு:

இருவருக்கும் நன்றி. டிஸ்க்2விஎச்டி பிரதியை ஒரு மடிக்கணினியில், வலை இணைப்பின்றி, ஹைப்பர்-வியில் மீட்டுப் பார்த்தேன். முதலில், தொடக்க வட்டைக் காணவில்லை என்று பொருள்படும், 7பி என முடியும் பிழை எண்ணோடு நீலத்திரைதான் வந்தது. மீட்பு வட்டால் தொடக்கி, வின்டோஸ் பதிவகத்தில் ஐடிஇ வட்டு இயக்கியின் 'ஸ்டார்ட்' மதிப்பை 0 ஆக்கியதும் வின்டோஸ் எழுந்தது. பிறகு பழைய ஐபி முகவரியைக் கொடுத்தால், அது வேறொரு அட்டைக்கு ஏற்கெனவே உரியது என்று எச்சரித்தது. இல்லாத பழைய வலையட்டையைச் சாதன மேலாளரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி நீக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஸ்காடா திறக்கவில்லை, உரிமம் இல்லை என்றது. பிறகுதான் சேர்வரின் பின்புறத்தைப் போய்ப் பார்த்தேன்: தூசு படிந்த ஒரு பச்சை டொங்கிள், அதைச் சுற்றி மஞ்சள் நாடா, அதன் மேல் 'கழற்ற வேண்டாம்' என்று சிங்களத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். பத்து வருடமாக அதைக் கடந்துதான் நடந்திருக்கிறோம். ஆகவே இஎஸ்எக்ஸ்ஐ பக்கம் போகிறோம். எடை இயந்திரம் சீரியல் கேபிளில் வருகிறது, அதற்கு என்ன செய்வது?

வத்தளை_மின்:

அதற்கு ஈதர்நெட்-சீரியல் மாற்றியொன்று போதும். அதனோடு வரும் மென்பொருள் விருந்தினர் இயந்திரத்துக்குள் ஒரு மெய்நிகர் கொம் (சீரியல்) துறையை உருவாக்கும். பழைய துறை எண்ணையே அதற்குக் கொடுத்தால் ஸ்காடாவில் எதையும் மாற்ற வேண்டியிராது. புறக்கோட்டையில் கிடைக்கிறது, ஆனால் மலிவானவற்றில் போட் வேகத்தை (சீரியல் தரவு வேகத்தை)ச் சரிபார்த்து வாங்குங்கள்.

கட்டுப்பாட்டறை_கிழவன்:

பழைய சேர்வரை உடனே விற்றுவிடாதீர்கள். வலைக்கம்பியைக் கழற்றி, ஆறு மாதத்துக்காவது ஒரு மூலையில் வையுங்கள். டொங்கிளுக்கு மட்டும் புதிய சேர்வரில் இடம் கொடுங்கள்.