பதில்: ‘போதிய காரணம்’ போதுமா?

> தீர்ப்பில் நீதிபதி தக்க காரணங்களை எழுதியாக வேண்டும் என்ற கடமையை ‘போதிய காரணக் கடமை’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

‘போதிய காரணம்’ ஏற்கெனவே வேறு வீட்டுக்கு வாக்கப்பட்ட சொல். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில், மேல்முறையீட்டைத் தாமதமாகப் போட்டவர் காட்ட வேண்டியதுதான் போதிய காரணம். அது கட்சிக்காரர் நீதிபதியிடம் சொல்வது. நமக்கு வேண்டியது நீதிபதி கட்சிக்காரரிடம் சொல்வது. திசையே மாறிப்போகிறது.

‘விளக்கம்’ என்றாலோ மெமோ வாங்கியவர்களுக்கு வயிறு கலங்கும். காரணம் சொல்லும் ஆணைக்கு வக்கீல்கள் வாயில் புழங்கும் ‘ஸ்பீக்கிங் ஆர்டரை’ ‘பேசும் ஆணை’ ஆக்கினால் எனக்குப் பேசும் கிளிதான் நினைவுக்கு வருகிறது.

விபத்து வழக்கில் வைத்துப் பார்ப்போம். ஒருவருக்குக் கால் முறிந்தது. மருத்துவர் அந்தக் காலுக்கு 40 சதவீத ஊனம் என்று சான்று தருகிறார். வயது 38, மாதச் சம்பாத்தியம் 15,000 ரூபாய், அந்த வயதுக்குப் பெருக்கெண் (ஆண்டு வருமான இழப்பைப் பெருக்கும் எண்) 15. அந்த 40-ஐ அப்படியே எடுத்தால் வருமான இழப்பு 10,80,000 ரூபாய். உழைப்புத் திறனில் போனது 20 சதவீதம்தான் என்றால் 5,40,000. உறுப்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே பிரித்துக் காட்டியது. அதில் சொன்ன உதாரணம்: இடது கை போனவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் பிழைப்பே போச்சு. அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை தொடரலாம். ஆக, 40 எப்படி 20 ஆனது என்று தீர்ப்பில் ஒரு பத்தியாவது வேண்டும். ‘எல்லாவற்றையும் கருதி 4 லட்சம்’ என்று ஒரே வரியில் முடித்தால், மேல்முறையீட்டில் எந்தக் கணக்கைத் தப்பு என்பது?

என் பரிந்துரை: ‘காரணவுரை’. முன்னுரை, முடிவுரை மாதிரி. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமும் 2(9)-இல், முடிவின் அடிப்படைகளை நீதிபதி எடுத்துரைப்பதையே தீர்ப்பு என்கிறது. உரை அதிலேயே இருக்கிறது. தருக்க நூல்களில் காரணத்தைக் குறிக்கும் ‘ஏது’வை வைத்து ‘ஏதுரை’ என்றும் யோசித்தேன். படிப்பவர் ‘ஏது உரை?’ என்பார், விட்டுவிட்டேன்.

போதிய காரணவுரை, குறைபட்ட காரணவுரை, காரணவுரைக் கடமை. சரியா ஐயா?

---

> போதிய காரணவுரை

தம்பி, காரணவுரை பிடித்திருக்கிறது. ‘போதிய’தான் இடிக்கிறது. அது வழக்குக்கு வழக்கு மாறும். அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை, 4-ஆம் விதியைப் பார். சிறுவழக்கு நீதிமன்றத் தீர்ப்பில் எழுவினாவும் (தீர்மானிக்க வேண்டிய கேள்வி) முடிவும் இருந்தாலே போதும். காரணம் எழுத வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், சென்னையில் விபத்து வழக்குகள் நடப்பதே சிறுவழக்கு நீதிமன்றத்தில்தான். ஆனால் அங்குள்ள நீதிபதி விபத்துத் தீர்ப்பாயமாக உட்காரும்போது அந்தச் சலுகை கைகொடுக்காது.

‘போதிய’வை அடைமொழியாகவே வெளியே விடுவோம். கலைச்சொல் பட்டியலில் ‘காரணவுரை’, ‘காரணவுரைக் கடமை’ இரண்டை மட்டும் ஏற்றுகிறேன்.