மெசினிலிருந்து மூச்சை மீட்பது

ஒட்சிசன் அளவு நன்றாக இருக்கிறதென்றால் ஏன் இன்னும் செயற்கைச் சுவாச மெசினிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று உறவினர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். வன்னியில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் தாதியாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வயலில் இறங்கி வேலை செய்த ஐயா ஒருவர் எலிக்காய்ச்சலோடு வந்தார். இரண்டு நுரையீரலிலும் இரத்தக் கசிவு. இத்தகைய நுரையீரலுக்குள் காற்றை அதிகமாகத் தள்ளினால் அதுவே காயப்படுத்தும். ஆகவே உயரத்தை வைத்துக் கணிக்கும் எடையில் கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் அளவில்தான் ஒவ்வொரு மூச்சும் கொடுத்தோம். பல மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தோம்.

மெசின் கொடுக்கும் காற்றில் ஒட்சிசன் தேவை 40 வீதத்துக்கு இறங்கியதும், காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, கையைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தோம். பிடித்தார். மெசினின் உதவியைக் குறைத்து அரை மணி நேரம் அவரையே மூச்செடுக்க விடுவதுதான் சோதனை. சில நிமிடங்களிலேயே கழுத்துத் தசைகள் புடைத்தன, நெற்றி வியர்த்தது, மூச்சு நிமிடத்துக்கு 35ஐத் தாண்டியது. உடனே பழைய நிலைக்கு மாற்றினோம்.

மனைவி அழுதுவிட்டார். "அம்மா, இது தோல்வியில்லை. மெசின் மூச்சுவிடும் நாட்களில், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் மெலிந்துவிடும். இன்று களைத்துவிட்டார், நாளைக்கும் பார்ப்போம்" என்றேன். அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதல்ல. நாள்தோறும் ஒரு முறை சோதித்துப் பார்ப்பதே இந்த வேலையின் ஒழுங்கு. இடையில் உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற மருந்து கொடுத்தார்கள். இயன்மருத்துவர் கட்டிலிலேயே உட்காரவைத்துப் பழக்கினார்.

அடுத்தடுத்த சோதனைகளில் மூச்சு சீரானது. ஆனாலும் மெசினிலிருந்து தொண்டை வழியாகப் போட்டிருந்த சுவாசக் குழாயை எடுக்கவில்லை. சளி கெட்டியாக இருந்தது, இருமலில் பலமில்லை. எடுத்த குழாயைத் திரும்பப் போட நேர்ந்தால் ஆபத்து கூடும் என்பதால் வைத்தியர் காத்திருந்தார். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். இருமல் வலுத்ததும் எடுத்தோம். அதன் பிறகும் இரண்டு நாட்கள் கண்ணை எடுக்காமல் பார்த்தோம்.

குரல் கம்மியிருந்தது. முதலில் தேநீர் கேட்டார். மனைவி போத்தலில் கொண்டுவந்தும் விட்டார். குழாய் இருந்த தொண்டை விழுங்க மறந்திருக்கும். நுரையீரலுக்குள் போனால் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு கரண்டித் தண்ணீரை இருமாமல் விழுங்கிக் காட்டிய பிறகே கொடுக்க விட்டோம்.