ஐயா பேர்ல இருக்க வீட்டு வரி, எப்படி மாத்துறது?

வணக்கம். காரைக்குடி பக்கம் எங்க பூர்வீக வீடு, வரி ரசீது இன்னும் ஐயா பேர்லதான் வருது, அவுக தவறி பல வருஷமாச்சு. முகப்புல சின்னதா ஒரு பலகாரக் கடை போடலாம்னு இருக்கேன், ஆனா பங்காளி ஏழு பேரு, ஒருத்தர் மலேசியாவுல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

மறுமொழி 1: தம்பி, மொதல்ல பாக்கி வரியக் கட்டி ரசீத வச்சுக்கங்க. அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று (இது தாசில்தார் ஆபீஸ், நகராட்சி இல்ல), பாகப்பிரிவினை ஆகியிருந்தா அந்தப் பத்திரம். எங்களுக்கு ஐயா பேரு ரசீதுல ‘சிதம்பரம்’, சான்றுல ‘சிதம்பரம் செட்டியார்’, அதுக்கே மூணு நட நடக்க விட்டாக.

மறுமொழி 2: ஒண்ணு கவனிங்க, வரி ரசீதுல பேர் மாறுனா சொத்து உங்களுதுன்னு ஆயிராது, பத்திரம்தான் பேசும். பங்காளிககிட்ட கையெழுத்து வாங்காம எதுவும் செய்யாதீக, பெறகு கோயில் விசேஷத்துல மூஞ்சி குடுத்துப் பேச முடியாது.

மறுமொழி 3: கடைக்கு தொழில் உரிமம் தனி, பலகாரம்னா உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேணும். காரைக்குடி 2024-லேர்ந்து மாநகராட்சி, அதனால உங்க வீடு இப்ப எந்த எல்லைல வருதுன்னு பாத்துட்டுப் போங்க. அரையாண்டு வரிய ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள்ள கட்டுனா 5% தள்ளுபடி உண்டு.

கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணே. மலேசியா சித்தப்பாவுக்கு இன்னைக்கு ராத்திரியே போன் போடுறேன்.