கேரவன் சிங்க் அடியில தண்ணி ஒழுகுது, அவசரம்

புதுவண்டி
கேரவன்ல சிங்க் பைப் லீக். இன்சுலேஷன் டேப் சுத்திப் பார்த்தேன், நிக்கல. அலமாரிக்குள்ள கீழ்ப்பலகை ஈரம். சனிக்கிழமை கிளம்பணும். எந்தப் பசை போட்டா நிக்கும்?

தேன்சிட்டு
எந்தப் பைப்புங்க? குழாய்க்குத் தண்ணி வர்றதா, சிங்க்ல இருந்து கழிவு போறதா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. கழிவுப் பைப்புன்னா நெளிநெளியா வளையுறதா, விறைப்பா நேரா போறதா? வெளி விட்டம் எவ்வளவு? ஷவரும் அதே லைன்ல சேருதா? எந்நேரமும் சொட்டுதா, சிங்க்கைக் காலி பண்ணும்போது மட்டுமா?

ஸ்பேனர்14
சிங்க்குக்கு அடியில இருக்கிற பெரிய நட்டுதான். வேற எங்கயும் தேட வேண்டாம். வண்டி ஓடுற அதிர்வுல தளர்ந்திருக்கும். மேல ஜாலி (சிங்க் ஓட்டைல இருக்கிற சல்லடை) நகராம பிடிச்சுக்கிட்டு, நட்டைக் கையால முடிஞ்ச வரைக்கும் இறுக்கி, அதுக்கு மேல கால் சுற்று மட்டும். ஸ்பேனர் போட்டு முறுக்கினா வாஷர் பிதுங்கி ஒரு பக்கமா வெளிய வந்துடும், பிளாஸ்டிக் நட்டும் விரிசல் விடும். சில மாடல்ல நட்டே இருக்காது, ஜாலி நடுவுல ஒரு திருகு மட்டும் மேலயும் கீழயும் சேர்த்துப் பிடிச்சிருக்கும். அந்தத் திருகு துருப்பிடிச்சா வாஷருக்கு அழுத்தமே கிடைக்காது.

அச்சாணி
இந்தப் பிரிவின் மேலே ஒட்டி வைத்திருக்கும் குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பது மீண்டும் உறுதியாகிறது. வண்டி எந்த ஆண்டு, எந்த வகை, எந்தக் குழாய் என்று எதுவும் இல்லை. ‘பைப் லீக்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வைத்தியம் சொல்ல இங்கே யாரும் ஜோசியர் இல்லை. பசை என்ற பேச்சுக்கே இடமில்லை. கேரவன் கழிவு இணைப்புகள் கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. ஒட்டினால் அடுத்த முறை முழு லைனையும் வெட்ட வேண்டும்.

புதுவண்டி
கழிவுப் பைப்தான். கருப்பு, நெளி பைப். விட்டம் தெரியல. சில நேரம் ஒழுகுது, சில நேரம் இல்ல. கை கழுவினா ஒண்ணும் ஆகல.

மழைக்காகம்
கடைசி வரிதான் முக்கியம். கை கழுவும்போது தண்ணி பைப் சுவரை ஒட்டி வழிஞ்சு போயிடும், இணைப்புல தேங்கி நிக்காது. முழு சிங்க்கைத் திறந்து விட்டாத்தான் பைப் நிறைஞ்சு இணைப்புக்கு அழுத்தம் வரும். அதனால எதையும் இறுக்குறதுக்கு முன்னாடி இடத்தைக் கண்டுபிடிங்க.

முதல்ல டேப் எல்லாத்தையும் பிரிச்சு, ஜாலி அடி, நட்டு, பைப் முனை, தரை ஓட்டை வரைக்கும் பைப்போட நீளம், எல்லாத்தையும் துணியால ஈரமில்லாம துடைங்க. தண்ணி மேல கசிஞ்சு பைப் வழியா இறங்கி கீழ சொட்டும். சொட்டுற இடத்தையே ஓட்டைன்னு நம்பிடக் கூடாது.

அடுத்து சிங்க்ல அடைப்பானைப் போட்டுப் பாதி நிரப்புங்க, நிறமி நாலு சொட்டு விடுங்க. பத்து நிமிஷம் சும்மா விட்டுட்டு டிஷ்யூ பேப்பரை நட்டைச் சுத்தி ஒத்திப் பாருங்க. நிறம் வந்தா ஜாலிக்கும் சிங்க்குக்கும் நடுவுல உள்ள வாஷர். நிறமில்லாத தண்ணி வந்தா கழிவுப் பைப்பே இல்ல, பம்ப்ல இருந்து குழாய்க்குப் போற லைன். அதுவும் வரலேன்னா அடைப்பானை எடுத்து ஒரேயடியா காலி பண்ணுங்க, டார்ச் அடிச்சுக்கிட்டே பேப்பரை இணைப்புகள்ல ஒண்ணொண்ணா வைங்க. எந்த இணைப்புல முதல்ல நிறம் ஏறுதோ அதுதான்.

வாட்டம்பார்
நெளி பைப்னாலே வாட்டம் பாருங்க. 1 மீட்டருக்கு 25 மி.மீ. இறக்கமாவது வேணும். வண்டிக்கு அடியில பைப் தொட்டில் மாதிரி தொங்கினா அந்தக் குழியில எண்ணெயும் அழுக்கும் தேங்கும், பாதி அடைச்சிடும், மேல தண்ணி ஏறும். ஒரு முழத்துக்கு ஒரு கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டுங்க. நிறுத்தும்போது வண்டி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னும் பாருங்க, பைப் போற திசைக்கு எதிரா சாஞ்சிருந்தா இருக்கிற வாட்டமும் போச்சு.

நீலக்கூரை
வாட்டமெல்லாம் அப்புறம். பாட்டில் டிராப் (தண்ணி தேங்கி நின்னு நாத்தத்தைத் தடுக்கிற கிண்ணம்) இருக்கா? இல்லேன்னா ஒண்ணு மாட்டுங்க. நாத்தமும் வராது, அழுக்கும் அதுலயே தங்கிடும்.

ஸ்பேனர்14
கேரவன்ல பாட்டில் டிராப்பா? ஓடும்போது அதுல இருக்கிற தண்ணி குலுங்கியே வெளியேறிடும். நிறுத்தி வைக்கிற காலத்துல உறைபனி வந்தா வெடிக்கும். வீட்டு டிராப் 32 இல்லேன்னா 40 மி.மீ., கேரவன் பைப் பெரும்பாலும் 28. நடுவுல அடாப்டர் போட்டா கசிய இன்னும் ரெண்டு இணைப்பு.

நீலக்கூரை
டிராப்போடயே வர்ற வண்டிகளும் இருக்கு. உறைபனிக்கு முன்னாடி அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டினா முடிஞ்சது. வெளிய கழிவு விழுற கேன்ல இருந்து ஏறி வர்ற நாத்தத்தை உங்க நட்டு தடுக்குமா?

அச்சாணி
கேட்டது கசிவைப் பற்றி, நாற்றத்தைப் பற்றி அல்ல. நாற்றத்துக்குச் சிங்க்கில் அடைப்பானைப் போட்டு வைத்தாலே போதும். டிராப் விவாதத்துக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

புதுவண்டி
நிறம் போட்டுப் பார்த்தேன். நட்டுல வரல. பைப் மேல மாட்டுற முனைல வருது, காலி பண்ணும்போது மட்டும். சிலிகான் வெச்சிடலாமா?

மழைக்காகம்
வேண்டாம். ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. வெளிய கழிவு எதுக்குள்ள விழுது? பைப் முனை அதுல எவ்வளவு உள்ள போகுது? இன்னொண்ணு, மேல மாட்டின பைப் விறைச்சு இழுத்துக்கிட்டு இருக்கா, தளர்வா இருக்கா?

புதுவண்டி
கேன். மூடி ஓட்டைல பைப்பை டைட்டா சொருகி அடி வரைக்கும் விட்டிருக்கேன், தெறிக்கக் கூடாதுன்னு. மேல கொஞ்சம் இழுத்தாப்லதான் இருக்கு.

மழைக்காகம்
அங்கதான் விஷயம். கேன்ல கொஞ்சம் தண்ணி சேர்ந்ததும் பைப் முனை மூழ்கிடும். நடுவுல எங்கயாவது பைப் தொங்கினா அந்தக் குழியிலயும் தண்ணி. ரெண்டு தண்ணிக்கும் நடுவுல காத்து மாட்டிக்கும். மூடி வேற இறுக்கமா இருக்கு, கேன்ல உள்ள காத்துக்கும் போக்கிடம் இல்ல. அதைத் தள்ள மேலேருந்து வர்ற தண்ணி பைப்ல உயர்ந்து நிக்கணும். நின்னா முனை இணைப்பு வரைக்கும் வரும், அங்க பைப் பாதி உருவின நிலைல இருக்கு, கசியும். ‘களக் களக்’னு சத்தம் கேட்டிருக்கணுமே.

செய்ய வேண்டியது:

வெளிய: பைப் முனை கேன் வாய்க்கு உள்ள ரெண்டு விரல் அளவு போனா போதும். சுத்தி இடைவெளி இருக்கணும், இல்லேன்னா மூடியில தனியா ஒரு காத்து ஓட்டை. கேன் நிறையுறதுக்கு முன்னாடியே காலி பண்ணணும்.

உள்ள: பழைய பைப்பை எடுத்து உள்விட்டம் அளங்க, மாட்டுற முனையோட வெளி விட்டத்தையும் அளங்க. 28க்குப் பதில் 25 வாங்கினா ஏறாது, 32 வாங்கினா கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் மடிப்புல வழிவிடும். இழுக்கிற நீளத்தை விட 5 செ.மீ. கூட விட்டு வெட்டுங்க. வெட்டு நெளியோட பள்ளத்துல, நேர்க்குறுக்கா விழணும். சாய்வா வெட்டினா ஒரு பக்கம் முனையோட தோள்ல (பைப் முட்டி நிக்கிற விளிம்பு) உட்காராது. பிசிறை எடுத்துடுங்க. பைப் நுனியை வெந்நீர்ல ஒரு நிமிஷம் வெச்சு இளக்கி, முள் வரிசை (முனையைச் சுத்தி இருக்கிற மேடுகள்) எல்லாத்தையும் தாண்டித் தோள் வரைக்கும் தள்ளுங்க. ஹோஸ் கிளிப் முள்ளுக்குப் பின்னாடி இருக்கிற பள்ளத்துல உட்காரணும். நெளியோட மேட்டுல போட்டா மேடு நசுங்கும், கசிவு நிக்காது. கடைசியா, பைப்போட எடை முனைல தொங்காம அலமாரிச் சுவர்ல ஒரு கிளிப்.

வாட்டம்பார்
பார்த்தீங்களா, வாட்டம்தான்!

ஸ்பேனர்14
கேன் மூடிங்க. வாட்டம் இல்ல.

தேன்சிட்டு
ரெண்டும் சேர்ந்துதான். மாட்டின பிறகு ஒரு சோதனை: வெளி முனையை ரப்பர் அடைப்பானால மூடி, சிங்க்ல பாதி வரைக்கும் தண்ணி விட்டுக் கால் மணி நேரம் நிறுத்துங்க. டிஷ்யூ காஞ்சிருந்தா முடிஞ்சது. ஷவர் இதே லைன்ல இருந்தா இந்தச் சோதனை செய்யாதீங்க. ஷவர் தட்டு தாழ்வா இருக்கும், தண்ணி அது வழியா ஏறி நிறைஞ்சிடும்.

கூடாரம்விட்டவன்
நெளி பைப்பைத் தூக்கிப் போட்டுட்டு விறைப்பான பைப் போட்டு சால்வென்ட் சிமெண்ட்ல ஒட்டிட்டா வாழ்நாளுக்கும் கவலையில்ல. உள்ள வழவழப்பா இருக்கும், அழுக்கும் பிடிக்காது.

அச்சாணி
என்ன பிளாஸ்டிக் என்று பார்க்காமல் ஒட்டச் சொல்வது ஆபத்தான ஆலோசனை. சால்வென்ட் சிமெண்ட் பிவிசியையும் ஏபிஎஸ்ஸையும்தான் கரைத்து ஒன்றாக்கும், அதிலும் அந்தந்த வகைக்கு உரிய சிமெண்ட் வேண்டும். கழிவு இணைப்புகள் பல பாலிப்ரொப்பிலீன். அதில் எந்தச் சிமெண்டும் பிடிக்காது, சிலிகானும் தோல் போல உரிந்து வரும். பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் முத்திரை பைப்பில் இல்லாவிட்டால் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், மூழ்கினால் ஏபிஎஸ் அல்லது பிவிசி. விறைப்பான பைப் போடுவதானால் ரப்பர் வளையம் உள்ள புஷ்ஃபிட் வகை. நுனியைச் சரிவாகச் சீவி, சிலிகான் கிரீஸ் தடவிச் சொருக வேண்டும். வாசலின் கூடாது, சில ரப்பர் அதில் ஊதிவிடும்.

கூடாரம்விட்டவன்
சரி ஐயா.

புதுவண்டி
பைப் மாத்தியாச்சு, 28. கேன் மூடியையும் கழட்டிட்டேன். ஒழுகல. எல்லாருக்கும் நன்றி.

தேன்சிட்டு
நல்லது. பலகை எப்படி இருக்கு? மேல காஞ்சாப்ல தெரியும், ஈரம் உள்ள இருக்கும். கேரவன் தரை நடுவுல நுரையும் ரெண்டு பக்கமும் பிளைவுட்டும் ஒட்டின அடுக்கு. அலமாரிக் கதவைத் திறந்து வெச்சுக் காத்தாட விடுங்க. விரலால தட்டிப் பாருங்க, மெத்துனு அமுங்கினாலோ பொத்துனு சத்தம் வந்தாலோ ஒட்டு விட ஆரம்பிச்சிருக்கு. முழுசா காஞ்ச பிறகு பைப் இறங்கற ஓட்டையோட வெட்டு விளிம்புல மட்டும் வளையுற சீலன்ட் பூசுங்க. நீங்க கேட்ட பசைக்கு இந்த வண்டியில அந்த ஒரு இடம்தான். ஈரத்தோட பூசினா உள்ள அடைபட்டு அழுகும்.

நீலக்கூரை
டிராப் மாட்டியிருந்தா பைப் எடை அதுலயே நின்னிருக்கும், முனையும் உருவியிருக்காது.

ஸ்பேனர்14
டிராப் எதுல நிக்கும்? அதே நட்டுல. தண்ணியோட எடையும் சேர்ந்து தொங்கும்.

மேகக்கூட்டம்
இதே மாதிரி எனக்கும் ஒரு சந்தேகம். சிங்க்கைக் காலி பண்ணினா ஷவர் தட்டுல தண்ணி ஏறுது. ஏன்?

அச்சாணி
புதிய இழை.

மழைக்காகம்
ரெண்டு லைனும் ஒய் (Y) வடிவ இணைப்புல சேருது, அதுக்குக் கீழ அடைப்போ தொங்கலோ இருக்கு. தண்ணி தாழ்வான வாயைத் தேடிப் போகும். முதல்ல ஒய்யில இருந்து வெளி முனை வரைக்கும் கழற்றி வெந்நீரும் பாத்திர சோப்பும் விட்டு அலசுங்க. கொதிநீர் வேண்டாம், நெளி பைப் இளகித் தொங்கிடும். அப்பவும் ஏறினா ஷவர் பக்கத்துல ஒருவழி வால்வு போடலாம், அம்புக்குறி ஷவர்ல இருந்து வெளிய பார்க்கணும். இடம் இருந்தா ரெண்டு லைனையும் தனித்தனியா வெளிய விடுறதுதான் சரி.