1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரை: டிரைகிளிசரைடு குறையுமா, இதயத்துக்கு உதவுமா?

மேற்குமாம்பலம்:
அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை இருக்கு, கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் 10 (ஸ்டாடின் வகை மருந்து) எடுக்கிறார். புது ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 286, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 92. ஹார்ட் அட்டாக் எதுவும் வந்ததில்லை. தினம் ஒரு 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் கொழுப்பு இறங்கும், இதயத்துக்கும் பாதுகாப்பு என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். உண்மையா? அம்மா சுத்த சைவம், முட்டிவலி உண்டு. அவருக்கும் ஏதாவது கொடுக்கலாமா?

மருந்துச்சீட்டு:
டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க. முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கிற 1000 மொத்த எண்ணெயோட எடை. வேலை செய்வது அதுக்குள்ளே இருக்கிற ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள்தான். சாதாரண மாத்திரையில் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மி.கி. மிச்சம் 700 வேறு கொழுப்பு.

டிரைகிளிசரைடைக் குறைக்க டாக்டர்கள் எழுதித் தருவது நாளைக்கு 2 முதல் 4 கிராம் ஈபிஏ + டிஹெச்ஏ. இந்த மாத்திரையில் 4 கிராம் வேணும்னா 13 விழுங்கணும்! அந்த அளவில் கல்லீரல் விஎல்டிஎல் (டிரைகிளிசரைடை ரத்தத்தில் சுமந்து போகும் துகள்) தயாரிப்பதைக் குறைக்கும், டிரைகிளிசரைடு சுமார் 20-30 சதவீதம் இறங்கும். நாளுக்கு 300 மி.கி.யில் ரிப்போர்ட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வராது. செறிவூட்டிய மாத்திரைகளும் உண்டு. அவற்றிலும் ஒரு மாத்திரைக்கு ஈபிஏ எவ்வளவு, டிஹெச்ஏ எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கணும். 'ஒமேகா 3-6-9' கலவை வேண்டாம். 6, 9 இரண்டும் சமையல் எண்ணெயிலேயே கிடைக்குது, அதுக்குத் தனியா காசு எதுக்கு?

அதுக்கு முன்னாடி 286 ஏன் வந்தது என்று பாருங்க. ரத்தம் வெறும் வயிற்றில் கொடுத்ததா? எச்பிஏ1சி (மூணு மாதச் சராசரி சர்க்கரை) எவ்வளவு? தைராய்டு பார்த்தாச்சா? மது உண்டா? சர்க்கரை கட்டுக்குள் வந்தாலே பலருக்கு டிரைகிளிசரைடு இறங்கிடும். இனிப்பு, ஜூஸ், மூணு வேளையும் அரிசி என்ற பழக்கம் குறைந்தால் இன்னும் நல்லது. 500-ஐத் தாண்டினால் கதையே வேற. கணைய அழற்சி வரும் அபாயம் இருக்கு, அப்போ டாக்டர் தனியா மருந்து எழுதுவார்.

ரெட்யூஸ்2018:
இதயப் பாதுகாப்பு பற்றி. இந்த நம்பிக்கைக்குப் பெரிய உரம் போட்டது 1999-ல் வெளிவந்த இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வு. மாரடைப்பு வந்து மீண்ட 11,324 பேர், தினம் சுமார் ஒரு கிராம், இறப்பு குறைந்தது. ஆனால் யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. ஸ்டாடின் பரவலாகாத காலமும்கூட.

உங்கள் அப்பா மாதிரி ஆட்களை வைத்தே 2018-ல் அசெண்ட் வந்தது. சர்க்கரை உண்டு, இதயநோய் இல்லை என்ற 15,480 பேர், தினம் 1 கிராம் மாத்திரை, சராசரியாக 7.4 வருடம். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 8.9 சதவீதம், ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களில் 9.2 சதவீதம். பலன் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதே வருடம் வந்த வைட்டல் ஆய்விலும் (25,871 பேர்) முக்கியக் கேள்விக்கு இதே பதில்.

அதிக அளவில்தான் சண்டை. ரெட்யூஸ்-இட் ஆய்வில் ஸ்டாடின் எடுத்தும் டிரைகிளிசரைடு கூடுதலாக இருந்த 8,179 பேரில் பாதிப்பேருக்குத் தினம் 4 கிராம் சுத்திகரித்த ஈபிஏ கொடுத்தார்கள், இதயப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்குக் கொடுத்தது கனிம எண்ணெய். அந்தக் குழுவில் எல்டிஎல் ஏறியதால், மருந்து உண்மையிலேயே வேலை செய்ததா, கனிம எண்ணெய் எதிர்த்தரப்பைக் கெடுத்ததால் மருந்து நல்லதாகத் தெரிந்ததா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. 2020-ல் ஸ்ட்ரெங்த் ஆய்வில் ஈபிஏ, டிஹெச்ஏ கலந்த 4 கிராமை சோள எண்ணெயோடு ஒப்பிட்டார்கள். 13,078 பேர். பலன் வர வாய்ப்பில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். சுத்தமான ஈபிஏவுக்கு ஏதோ தனி வேலை இருக்கலாம், ஆனால் 25 சதவீதத்தை அப்படியே நம்ப மாட்டேன் என்பது என் கணிப்பு. கடையில் விற்கும் மாத்திரைக்கு அந்த ஆய்வைக் காட்டி விளம்பரம் செய்வது ஏமாற்று, அது வேறு பொருள்.

இன்னொன்று. இரண்டு 4 கிராம் ஆய்விலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு கூடியது. ஸ்ட்ரெங்த்தில் 1.3-க்குப் பதில் 2.2 சதவீதம். 'மீன் எண்ணெய்தானே' என்று டாக்டரைக் கேட்காமல் அளவை ஏற்றக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஏற்கெனவே படபடப்பு இருந்தால் இன்னும் கவனம்.

மேற்குமாம்பலம்:
விளக்கத்துக்கு நன்றி. அப்போ மாத்திரைக்குப் பதில் மீனே போதுமா? எந்த மீன்?

உப்புக்காற்று:
சார், மத்தி (சாளை), அயிலை, நெத்திலி. விலையும் குறைவு, ஒமேகா-3 அதிகம். வாரத்துக்கு ரெண்டு வேளை, வேளைக்கு 100 கிராம் சமைச்ச மீன் போதும். மத்தியில கொழுப்பு சீசனுக்கு சீசன் மாறும், கொழுத்த மத்தின்னா குழம்புல எண்ணெய் மிதக்கும். அதை வழிச்சுக் கொட்டாதீங்க, நீங்க தேடுற சமாச்சாரம் அதுலதான் இருக்கு. முறுகப் பொரிச்சா மீனோட கொழுப்பு சட்டிக்குப் போயிடும், சட்டி எண்ணெய் மீனுக்கு வந்துடும். குழம்பு, அவியல், வாழையிலைல சுட்டது நல்லது. கருவாட்டுல உப்பு அதிகம், பிரஷர் இருக்கிறவங்களுக்கு ஆகாது.

வஞ்சிரம், சுறா மாதிரி பெரிய மீன்ல பாதரசம் சேரும், தினமும் வேணாம். பாதரசம் தசையிலதான் ஒட்டும். அதனால சுத்திகரிச்ச மாத்திரை எண்ணெய்ல அந்தப் பயம் குறைவு.

மருந்துச்சீட்டு:
அம்மா விஷயம். ஆளிவிதை, வால்நட்டில் இருப்பது ஏஎல்ஏ என்ற வேறு ஒமேகா-3. உடம்பு அதில் கொஞ்சூண்டைத்தான் ஈபிஏவாக மாற்றும், டிஹெச்ஏவாக மாறுவது அதைவிடச் சொற்பம். சைவர்களுக்கு நேரடி வழி கடல்பாசி எண்ணெய் மாத்திரை. மீனுக்கே டிஹெச்ஏ அங்கேயிருந்துதான் வருது. பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க, சில மாத்திரைகளின் ஓடு ஜெலட்டின்.

ஆனா முட்டிவலிக்காக வாங்குவதாக இருந்தா, முதல்ல அது எந்த வலின்னு தெரியணும். முடக்குவாதம் (ருமட்டாய்டு) என்றால் நாளைக்கு சுமார் 3 கிராம் ஈபிஏ + டிஹெச்ஏ, மூணு மாதம் எடுத்தவர்களுக்கு வலியும் காலை விறைப்பும் ஓரளவு குறைந்திருக்கு. அதுவும் வாத மருந்தோடு சேர்த்துத்தான், அதுக்குப் பதிலா இல்லை. வயசான முட்டித் தேய்மானத்துக்கு உறுதியான பலன் காட்டப்படலை. அந்தக் காசை பிசியோதெரபிக்குக் கொடுக்கலாம்.

கண் வறட்சிக்கும் இதையே தருகிறார்கள். 2018-ல் ட்ரீம் ஆய்வில் 3 கிராம் கொடுத்தும் ஆலிவ் எண்ணெயைவிடக் கூடுதல் பலன் இல்லை.

குளிர்ப்பெட்டி:
வாங்குவதாக முடிவு செய்தால், நம்ம ஊரில் பெரிய எதிரி வெயில். ஒமேகா-3ல் இரட்டைப் பிணைப்புகள் அதிகம், அதனால் சூடும் காற்றும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அளவுகள் உண்டு: தரமான எண்ணெய்க்குப் பெராக்சைடு மதிப்பு 5-க்குள், அனிசிடின் 20-க்குள், இரண்டையும் வைத்துக் கணக்கிடும் டோடாக்ஸ் 26-க்குள் இருக்கணும். சில நிறுவனங்கள் பேட்ச் வாரியாகச் சோதனை அறிக்கை தருகின்றன, கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகருங்கள். லேசான மீன் வாடை சரி. பழைய பெயின்ட் மாதிரி அடித்தால் டப்பாவையே தூக்கிப் போடுங்கள். எலுமிச்சை வாசனை சேர்த்தவற்றில் கெட்டுப்போனதும் தெரியாது, அதனால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. இரண்டு மாதத்துக்குள் தீர்கிற சின்ன டப்பா வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சாப்பிடும் நேரம்: மதியச் சாப்பாட்டோடு, அதாவது கொழுப்பு உள்ள உணவோடு. செறிவூட்டியவை பெரும்பாலும் எத்தில் எஸ்டர் (ஆலையில் மாற்றிய கொழுப்பு) வடிவம், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. மீன் ஏப்பமும் சாப்பாட்டோடு எடுத்தால் குறையும்.

காட் லிவர் ஆயில் வேறு, இது வேறு. அதில் வைட்டமின் ஏ உண்டு, ஒரு தேக்கரண்டியில் சுமார் 4,500 ஐயூ. ஒமேகா-3 கூட வேண்டுமென்று அதன் அளவை ஏற்றினால் வைட்டமின் ஏயும் ஏறும், கல்லீரலுக்கு ஆகாது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

மேற்குமாம்பலம்:
அப்பா ஆஸ்பிரின் 75-ம் எடுக்கிறார், சொல்ல மறந்துட்டேன்.

ரெட்யூஸ்2018:
ஒரு மாத்திரை அளவில் பெரிய பிரச்சினை இல்லை. 4 கிராம் அளவில் ரத்தக்கசிவு சற்றுக் கூடும், ரெட்யூஸ்-இட்டிலேயே பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவராக இருந்தால் தொடங்கிய பின் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்க்க வேண்டும். பல் பிடுங்கல், ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் இதையும் மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள். உணவு, சர்க்கரை இரண்டையும் சரிசெய்து 8-12 வாரம் கழித்து, வெறும் வயிற்றில் மறுபடி டிரைகிளிசரைடு பாருங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் மாத்திரை தேவையா, எது, எவ்வளவு என்று அந்த ரிப்போர்ட்டோடு போய்க் கேளுங்கள். அதுவரை ஸ்டாடினை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய்க்கு மாற வேண்டாம், இந்த இரண்டில் எல்டிஎல் குறைப்பது ஸ்டாடின் மட்டும்தான். டிஹெச்ஏ உள்ள எண்ணெய் அதிக அளவில் எல்டிஎல்லைச் சற்று ஏற்றவும் செய்யும்.