ஹர்டில் பேக்கேஜ் பில்ட் ஆகிறது, ஆனால் டெஸ்ட் உறைந்து நிற்கிறது

நண்பர்களே, டெபியன் க்னூ/ஹர்டுக்கு (லினக்ஸ் கெர்னலுக்குப் பதில் க்னூவின் ஹர்டில் ஓடும் டெபியன்) ஒரு சிறிய சி லைப்ரரியை போர்ட் செய்து கொண்டிருக்கிறேன், மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். பில்ட் முடிந்துவிடுகிறது. ஆனால் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியில் பிராசஸ்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) இன்னொரு பிராசஸுக்கு அனுப்பும் டெஸ்டுக்கு வந்ததும் எந்தப் பிழையும் காட்டாமல் அப்படியே நின்றுவிடுகிறது. லினக்ஸில் இதே டெஸ்ட் இரண்டு நொடியில் முடிகிறது.

என் சூழல்: டெபியன் க்னூ/ஹர்ட் 2023, ஐ386 (32-பிட்), க்யூஎமு மெய்நிகர் கணினியில் 2 ஜிபி ரேம்.

முதலில் பாத்_மேக்ஸ் (பாதை நீளத்தின் உச்ச வரம்பைச் சொல்லும் மாறிலி) இல்லை என்று கம்பைலே ஆகவில்லை. ஹர்டில் பாதை நீளத்துக்கு வரம்பு கிடையாது, யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரமும் அதை அனுமதிக்கிறது, அதனால் ஏதோ ஒரு எண்ணை நானே டிஃபைன் செய்ய மனம் வரவில்லை. முழுப் பாதையைத் தரும் ரியல்பாத் ஃபங்ஷனுக்கு பஃபருக்குப் பதில் நல் கொடுத்து அதுவே நினைவகம் ஒதுக்கும்படி மாற்றினேன். அது சரியாக வேலை செய்கிறது. அப்புறம், சர்வர்களுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் ஆர்பிசிட்ரேஸில் டெஸ்டை ஓட்டிப் பார்த்தேன், பிஎஃப்லோக்கல் சர்வருக்கு (ஹர்டில் யூனிக்ஸ் சாக்கெட்டுகளைக் கையாளும் நிரல்) போன கடைசி அழைப்புக்குப் பதில் வரவில்லை. ஜிடிபி டீபகரில் என் பிராசஸ் ரெக்வ்எம்எஸ்ஜியில் (சாக்கெட்டிலிருந்து செய்தி பெறும் ஃபங்ஷன்) காத்திருப்பது தெரிகிறது, அதற்கு மேல் புரியவில்லை. என் பேட்ச் இல்லாமல் அந்தச் சோதனையை மட்டும் தனி நிரலாக எழுதி ஓட்டினேன், பத்தில் மூன்று முறை அதுவும் தொங்குகிறது. ஆக, பேட்ச் காரணம் இல்லை என்றே நினைக்கிறேன். டெஸ்டை அணைத்துவிட்டு அப்லோட் செய்யலாம்தான், ஆனால் பழுதை மூடி மறைத்து ஒரு பேக்கேஜைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

பழுது க்ளிப்சியிலா (க்னூவின் அடிப்படை சி லைப்ரரி) பிஎஃப்லோக்கலிலா என்று பிரித்தறிய, ஓடிக்கொண்டிருக்கும் பிஎஃப்லோக்கலில் ஜிடிபியை மாட்டி எந்த இடத்தில் பார்க்க வேண்டும்?